ஒலி அலைப் பரவலைக் கணக்கிடும் எண்ணியல் முறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலி அலையைக் கணினியில் கணக்கிட முனையும் மாணவர்களும் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. வகைக்கெழுவிலும் ஃபூரியர் தொடரிலும் கல்லூரி முதலாண்டு அளவுக்குப் பழக்கம் இருந்தால் போதும். எந்த முறையைக் கையாள்வது என்ற பேச்சு பெரும்பாலும் மென்பொருளின் பெயரிலிருந்தே தொடங்குகிறது. அலை தன் பயணத்தில் எத்தனை அலைநீளங்களைக் கடக்கப்போகிறது என்ற எண்ணிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள விடைகளில் பலவும் அந்த எண்ணையே சுற்றி வருவதற்கு அதுவே காரணம்.

கணினி உண்மையில் எந்தச் சமன்பாட்டைத் தீர்க்கிறது?

பெரும்பாலான பயன்பாடுகளில் அது நேரியல் அலைச் சமன்பாடு. ஓரிடத்தில் அழுத்தம் காலத்தைப் பொறுத்து எவ்வளவு முடுக்கத்துடன் மாறுகிறதோ, அது ஒலி வேகத்தின் வர்க்கத்தை, அழுத்தத்துக்கு மூன்று திசைகளிலும் எடுத்த இரண்டாம் வகைக்கெழுக்களின் கூடுதலால் பெருக்கியதற்குச் சமம். அதிரும் கம்பிக்கான ஒருபரிமாண வடிவத்தை 1747-இல் தாலம்பேர் எழுதினார். ஊடகத்தைப் பற்றிய செய்தி முழுவதும் வேகம், அடர்த்தி ஆகிய இரண்டிலும் அடங்கிவிடுகிறது. 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். கடல்நீரில் ஏறத்தாழ 1500. உடலின் மென்திசுக்களுக்கு மருத்துவத் துறையில் 1540 என்று கொள்கிறார்கள்.

நேரியல் சமன்பாடு போதுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. சாதாரணப் பேச்சின் ஒலியழுத்தம் ஏறத்தாழ 0.02 பாஸ்கல், வளிமண்டல அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கும் சற்று அதிகம். இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு நேரியல் தோராயம் மிகச் சிறப்பாகப் பொருந்துகிறது. வெடிப்பலைகளுக்கும், சிகிச்சைக்காக ஒரு புள்ளியில் குவிக்கப்படும் வலிமையான மீயொலிக்கும் மட்டும் நேரியலற்ற உறுப்புகளைச் சேர்த்தாக வேண்டும்.

முடிவுறு வேறுபாட்டு முறை எப்படி வேலை செய்கிறது?

வெளியைச் சம இடைவெளியுள்ள புள்ளிகளாகவும் காலத்தைச் சமமான காலப்படிகளாகவும் பிரித்து, இரண்டாம் வகைக்கெழுவுக்குப் பதிலாக அண்டைப் புள்ளிகளின் வேறுபாடுகளை வைப்பதே இம்முறை. இதில் அடிப்படையான அளவு கூரன்ட் எண். ஒரு காலப்படியில் ஒலி கடக்கும் தூரத்தைப் புள்ளி இடைவெளியால் வகுத்தால் அது கிடைக்கும்.

ஒருபரிமாணத்தில் கூரன்ட் எண்ணைச் சரியாக 1 என்று வைத்தால் விதி மிக எளிதாகிவிடும்: ஒரு புள்ளியின் புதிய அழுத்தம், இடப்பக்கத்துப் புள்ளியின் இப்போதைய அழுத்தத்தையும் வலப்பக்கத்துப் புள்ளியின் இப்போதைய அழுத்தத்தையும் கூட்டி, அதே புள்ளியின் முந்தைய அழுத்தத்தைக் கழித்தால் வருவது. இதைக் கையாலேயே ஓட்டிப் பார்க்கலாம். முந்தைய காலப்படியில் 5-ஆம் புள்ளியில் மட்டும் அழுத்தம் 1, இப்போது 6-ஆம் புள்ளியில் மட்டும் 1, மற்ற இடங்களில் எல்லாம் சுழி என்று வையுங்கள். அடுத்த காலப்படியில் 5-ஆம் புள்ளிக்கு 0 + 1 − 1, அதாவது சுழி. 6-ஆம் புள்ளிக்கு 0 + 0 − 0, அதுவும் சுழி. 7-ஆம் புள்ளிக்கு 1 + 0 − 0, அதாவது 1. துடிப்பு உருக்குலையாமல் ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. நிரல் எழுதத் தொடங்கும் எவரும் முதலில் இந்த மூன்று வரிக் கணக்கைத் தாளில் செய்து பார்ப்பது நல்லது. நிரலில் சுட்டெண் பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்க இதைவிட விரைவான வழி இல்லை.

ஓர் அலைநீளத்துக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும்?

"பத்துப் புள்ளி" என்பது பாடநூல்களிலும் ஆய்வகங்களிலும் வழங்கும் விதி. அந்த விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை அறியாமல் அதைப் பின்பற்றுவதால்தான் பல கணக்குகள் கெடுகின்றன.

புள்ளிகளாகப் பிரித்த வெளியில் அலை தன் உண்மையான வேகத்தில் செல்வதில்லை. குறுகிய அலைகள் அதிகம் பின்தங்குகின்றன, நீண்ட அலைகள் குறைவாகப் பின்தங்குகின்றன. ஊடகத்தில் இல்லாத இந்த வேக வேறுபாட்டை எண்ணியல் பிரிகை என்கிறோம். காலப்படி மிகச் சிறியது என்று கொண்டால், இரண்டாம் வகைக்கெழுவை மூன்று அண்டைப் புள்ளிகளால் கணக்கிடும் வழக்கமான இரண்டாம் வரிசைச் சூத்திரத்தில் அலைநீளத்துக்கு 5 புள்ளிகள் இருக்கும்போது அலையின் வேகம் 6.5 விழுக்காடு குறைகிறது. 10 புள்ளிகளுக்கு 1.6 விழுக்காடு, 20 புள்ளிகளுக்கு 0.4 விழுக்காடு. புள்ளிகளை இரட்டித்தால் பிழை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிறது.

1.6 விழுக்காடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இப்பிழை ஒவ்வோர் அலைநீளத்திலும் சேர்ந்துகொண்டே போகிறது. 30 அலைநீளம் கடந்ததும் அலை ஏறத்தாழ அரை அலைநீளம் பின்தங்கிவிடும். முகடு இருக்க வேண்டிய இடத்தில் அகடு இருக்கும். இரண்டு அலைகள் சந்தித்துக் குறுக்கிடும் இடத்தில், வலுப்பெற வேண்டியது அழிந்துபோகும். ஆகவே சிறிய அறையில் இரண்டு மூன்று எதிரொலிப்புகளைப் பார்க்கப் பத்துப் புள்ளிகள் தாராளம். பல நூறு அலைநீளங்கள் செல்லும் நில அதிர்வு அலைக்கு இரண்டாம் வரிசையில் அதே பத்துப் புள்ளிகள் பயனற்றவை. கேட்க வேண்டியது இதுதான்: பயணத்தின் முடிவில் எவ்வளவு பின்தங்கலை உங்கள் வேலை பொறுத்துக்கொள்ளும்? அதை மொத்த அலைநீளங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், அனுமதிக்கக்கூடிய வேகப்பிழை கிடைத்துவிடும்.

காலப்படியைச் சிறிதாக்கினால் துல்லியம் கூடுமா?

எப்போதும் கூடாது, சில வேளைகளில் குறையும். வெளியைப் பிரிப்பதால் வரும் பிழை அலையைத் தாமதப்படுத்துகிறது; காலத்தைப் பிரிப்பதால் வரும் பிழை அலையை முந்தச் செய்கிறது. ஒருபரிமாணத்தில் கூரன்ட் எண் 1 ஆக இருக்கும்போது இவ்விரண்டும் முழுமையாக ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. மேலே கையால் செய்த கணக்கில் துடிப்பு சிதையாமல் நகர்ந்தது அதனால்தான். இந்நிலையில் காலப்படியைப் பாதியாக்கினால் வேலை இரட்டிப்பாகும், விடையும் மோசமாகும். இருபரிமாணச் சதுர வலையில் கூரன்ட் எண்ணை அதன் உச்ச மதிப்பில் (அடுத்த விடையில் வருவது) வைத்து ஓட்டும்போது மூலைவிட்டத் திசையில் மட்டும் இந்த நீக்கம் முழுமையாக நிகழ்கிறது; அச்சுத் திசைகளில் அலை பின்தங்கவே செய்யும். வட்டமாக விரிய வேண்டிய அலை சற்றே மூலைகளை நோக்கி இழுபட்டுத் தெரிவதன் காரணம் இதுவே.

கணக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்து, திடீரென எண்கள் எல்லையின்றிப் பெருகிவிடுகின்றன. ஏன்?

நிலைப்புத்தன்மை நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது. ரிச்சர்ட் கூரன்ட், குர்ட் ஃபிரீட்ரிக்ஸ், ஹான்ஸ் லெவி மூவரும் 1928-இல், மின்னணுக் கணினி தோன்றுவதற்கு முன்பே, இந்நிபந்தனையைக் கண்டறிந்தார்கள். இரண்டாம் வரிசைச் சூத்திரத்துக்கு கூரன்ட் எண்ணின் உச்ச மதிப்பு ஒருபரிமாணத்தில் 1, இருபரிமாணத்தில் ஏறத்தாழ 0.707, முப்பரிமாணத்தில் 0.577.

எல்லையைச் சற்றே தாண்டினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. இருபரிமாணத்தில் 0.707-க்குப் பதிலாக 0.72 என்று வைப்போம். மீறல் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. சதுரங்கப் பலகைபோல் அடுத்தடுத்த புள்ளிகளில் குறி மாறும் மிகக் குறுகிய அலை, ஒவ்வொரு காலப்படியிலும் 1.46 மடங்கு பெருகுகிறது. கணினியின் இரட்டைத் துல்லிய (64 பிட்) எண்களில், கடைசி இலக்கத்தைச் சரிக்கட்டுவதால் வரும் முழுமையாக்கல் பிழை ஒன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்குதான். ஆயினும் நூறு காலப்படிகளுக்குள் அது உண்மையான அலையின் வீச்சை எட்டிப்பிடித்துவிடும். முதல் ஐம்பது காலப்படிகளின் படங்கள் குறையின்றித் தெரிவதற்கும், பிறகு திடீரெனச் சிதைவது போலத் தோன்றுவதற்கும் இதுவே விளக்கம். சிதைவு முதல் காலப்படியிலேயே தொடங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர அதற்கு நேரம் ஆனது.

படத்தில் சதுரங்கப் பலகை வடிவம் தெரிந்தால் காலப்படியைச் சோதியுங்கள். வளர்ச்சி ஓர் எல்லைச் சுவரை ஒட்டி மட்டும் தொடங்கினால் குற்றம் எல்லை நிபந்தனையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஊடகத்தில் வேகம் இடத்துக்கு இடம் மாறினால் எந்த வேகத்தைக் கொண்டு கணக்கிடுவது?

புள்ளி இடைவெளியை மிகக் குறைந்த வேகம் தீர்மானிக்கிறது, ஏனெனில் அங்கேதான் அலைநீளம் மிகச் சிறியது. காலப்படியை மிக உயர்ந்த வேகம் தீர்மானிக்கிறது.

நில அதிர்வுத் துறையில் பெரிதும் கையாளப்படும் மார்மூசி மாதிரியை எடுத்துக்கொள்வோம். அங்கோலாவின் குவான்சா படுகையின் நிலவியலை அடிப்படையாகக் கொண்டு, பிரெஞ்சுப் பெட்ரோலியக் கழகம் 1988-இல் உருவாக்கிய இருபரிமாண மாதிரி அது. அகலம் 9.2 கிலோமீட்டர், ஆழம் 3 கிலோமீட்டர், வேகம் நொடிக்கு 1500 முதல் 5500 மீட்டர் வரை. அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்றால் மிகச் சிறிய அலைநீளம் 50 மீட்டர். பத்துப் புள்ளி விதிப்படி இடைவெளி 5 மீட்டர். புள்ளிகள் 11 லட்சம். 5500 மீட்டர் வேகம் காலப்படியை 0.64 மில்லிநொடிக்குள் அடக்குகிறது. 3 நொடிப் பதிவுக்கு ஏறத்தாழ 4,700 காலப்படிகள். மொத்தம் 520 கோடி அளவிலான புள்ளிப் புதுப்பிப்புகள். சாதாரண மடிக்கணினி சில நிமிடங்களில் முடித்துவிடும்.

ஆனால் விடை சரியாக இருக்குமா? மிக மெதுவான அடுக்கிலேயே அலை முழு அகலத்தையும் கடந்தால் அது 184 அலைநீளப் பயணம். 1.6 விழுக்காட்டுப் பிழை அங்கே மூன்று அலைநீளத் தாமதமாகத் திரளும். படம் அழகாகவே இருக்கும். அலை வந்து சேரும் நேரம் தவறாக இருக்கும். இங்கே சூத்திரத்தின் வரிசையை உயர்த்துவதே சரியான மருந்து.

வரிசையை உயர்த்துவது என்றால் என்ன? அதன் விலை என்ன?

இரண்டாம் வகைக்கெழுவைக் கணக்கிட மூன்று புள்ளிகளுக்குப் பதிலாக ஐந்து புள்ளிகளை எடுத்துக்கொண்டால் நான்காம் வரிசைச் சூத்திரம் கிடைக்கும். அலைநீளத்துக்குப் பத்துப் புள்ளிகள் என்ற அதே வலையில் வேகப்பிழை 1.6-இலிருந்து 0.08 விழுக்காடாகக் குறைகிறது. மார்மூசியில் மூன்று அலைநீளமாக இருந்த தாமதம் ஓர் அலைநீளத்தின் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. விலையாகப் புள்ளிக்குச் சற்றுக் கூடுதல் பெருக்கல்கள். இருபரிமாணத்தில் கூரன்ட் எண்ணின் எல்லை 0.707-இலிருந்து 0.612-ஆகக் குறைவதும் உண்டு. இவ்வளவு மலிவாக இவ்வளவு துல்லியம் கிடைப்பதால், நெடுந்தொலைவுக் கணக்குகளில் இரண்டாம் வரிசையைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு நியாயமே இல்லை.

இந்தப் போக்கின் எல்லை ஃபூரியர் போலி நிறமாலை முறை. ஒரு வரிசையில் உள்ள எல்லாப் புள்ளிகளையும் பயன்படுத்தி, விரைவு ஃபூரியர் மாற்றத்தின் வழியே வகைக்கெழுவைக் கணக்கிடுவதால், கொள்கையளவில் அலைநீளத்துக்கு இரண்டு புள்ளிகளே போதும். நடைமுறையில் மூன்று நான்கு வைத்துக்கொள்வார்கள். வேகம் பெரிதும் மாறாத மென்திசுக்களில் மீயொலியைக் கணக்கிட இது மிகப் பொருத்தம். எலும்பும் தசையும் சந்திக்கும் இடம் போன்ற கூர்மையான எல்லைகளில் இதன் நன்மை குறைந்துவிடும்.

வலையின் விளிம்பை அலை தொட்டதும் திரும்பி வருகிறது. திறந்தவெளியை எப்படிக் காட்டுவது?

விளிம்புக்கு அப்பால் வெளி இல்லை என்பதால் கணினி அங்கே ஒரு சுவர் இருப்பதாகவே கணக்கிடுகிறது. 1977-இல் எங்க்விஸ்ட்டும் மஜ்தாவும் வெளியே செல்லும் அலையை மட்டும் அனுமதிக்கும் எல்லைச் சமன்பாடுகளைத் தந்தார்கள். நேராக மோதும் அலைக்கு அவை நன்றாக உழைக்கும். சாய்ந்து உரசிச் செல்லும் அலைக்கு எதிரொலிப்பு மிஞ்சும். விளிம்பை ஒட்டி அலையைப் படிப்படியாக மெலியவைக்கும் உறிஞ்சுபட்டை இன்னொரு வழி. அது தடிமனாக இருந்தால்தான் பயன் தரும்.

1994-இல் ழான்-பியர் பெராஞ்சே மின்காந்த அலைகளுக்காக முன்வைத்த, விளிம்பில் அலையை உள்வாங்கித் தணிக்கும் முழுப்பொருத்த அடுக்கு இச்சிக்கலை மாற்றியமைத்தது. அலை எந்தக் கோணத்தில் நுழைந்தாலும், எந்த அதிர்வெண்ணாக இருந்தாலும், அடுக்கின் முகப்பில் எதிரொலிப்பு சுழி என்பது அதன் கோட்பாடு. புள்ளிகளாகப் பிரித்த பிறகு சிறிது எதிரொலிப்பு எஞ்சும் என்றாலும், 10 முதல் 20 புள்ளித் தடிமன் பெரும்பாலும் போதும். ஒலியியலுக்கு இது விரைவிலேயே வந்து சேர்ந்தது.

எவ்வளவு எதிரொலிப்பு பரவாயில்லை என்பது அளக்கப்போவதைப் பொறுத்தது. வீச்சில் ஒரு விழுக்காடு எதிரொலிப்பு என்றால் 40 டெசிபெல் குறைவு. முதல் அலையின் வருகையை மட்டும் பார்ப்பவருக்கு இது போதும். ஒலி 60 டெசிபெல் தணியும் வரை பின்தொடர வேண்டியவருக்குப் போதவே போதாது.

வளைந்த சுவரைச் சதுரக் கட்டங்களால் படிக்கட்டாக அமைக்கலாமா?

இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முழுமையாக எதிரொலிக்கும் சுவராக இருந்து, படியின் உயரம் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாகவும் இருந்தால் படிக்கட்டு பெரும்பாலும் தீங்கு செய்யாது. சுவர் ஒலியை உறிஞ்சுவதாக இருந்தால் நிலைமை வேறு. ஒரு கோளத்தைச் சிறு கனசதுரங்களால் கட்டினால், கனசதுரங்களை எவ்வளவு நுண்ணியதாக்கினாலும், வெளியே தெரியும் முகங்களின் மொத்தப் பரப்பு உண்மையான பரப்பைப் போல ஒன்றரை மடங்காகவே இருக்கும். கனஅளவு உண்மையை நெருங்கும், பரப்பு நெருங்காது. உறிஞ்சுதல் பரப்பைப் பொறுத்தது என்பதால், கணக்கில் ஒலி விரைவாகத் தணியும், எதிர்முழக்க நேரம் (ஒலி 60 டெசிபெல் தணிய ஆகும் நேரம்) குறைவாகக் காட்டும். வலையை நுண்ணியதாக்கியும் விடை உண்மையை நோக்கி நகராத இத்தகைய பிழைகளே மிக ஆபத்தானவை, ஏனெனில் வழக்கமான சோதனையில் விடை நிலைபெற்றுவிட்டதாகவே தோன்றும். எல்லைக் கட்டங்களின் பரப்பையும் கனஅளவையும் உண்மை வடிவத்துக்கு ஏற்பத் திருத்தும் முடிவுறு கனஅளவு முறையும், சுவரின் வடிவத்தையே பின்பற்றும் சிறு துண்டுகளாக (உறுப்புகளாக) வெளியைப் பிரிக்கும் முடிவுறு உறுப்பு முறையும் இதற்குத் தீர்வு.

முடிவுறு உறுப்பு முறையை எப்போது நாட வேண்டும்?

வடிவம் சிக்கலாக இருக்கும்போதும், திண்மமும் பாய்மமும் சேர்ந்து அதிரும்போதும். வாகன உட்புறம், ஒலிபெருக்கிக் கூம்பு, செவிப்பறை போன்றவை இதன் களம். நேரத்தில் ஓட்டும் நீண்ட தூரக் கணக்குகளுக்கு இதன் எளிய வடிவம் ஏற்றதல்ல. அங்கே நிறமாலை உறுப்பு முறை முன்னிற்கிறது. 1984-இல் பட்டேரா பாய்ம இயக்கத்துக்காக உருவாக்கிய இம்முறையை 1990-களின் இறுதியில் கோமாட்டிச், விலோட், டிராம்ப் ஆகியோர் நில அதிர்வு அலைகளுக்கு விரித்தார்கள். ஒவ்வோர் உறுப்பின் உள்ளேயும் பெரும்பாலும் நான்காம் படிப் பல்லுறுப்புக்கோவையை வைத்து, புள்ளிகளைக் குறிப்பிட்ட இடங்களில் அமைப்பதால், நிறை அணி (சமன்பாட்டில் காலத்தைப் பொறுத்த முடுக்கத்தைப் பெருக்கும் அணி) மூலைவிட்ட அணியாக வந்து விழுகிறது. ஒவ்வொரு காலப்படியிலும் பெரிய அணியைத் தீர்க்க வேண்டிய சுமை இதனால் மறைகிறது. உலகளாவிய நிலநடுக்க அலைக் கணக்குகள் பல இம்முறையில் நடப்பதற்கு இந்த ஒரு பண்பே முதற்காரணம்.

ஒரே அதிர்வெண்ணில் மட்டும் விடை வேண்டுமானால்?

அப்போது காலத்தை நீக்கி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாட்டைத் தீர்க்கலாம். இங்கும் தொலைவு விடுவதில்லை. எளிய முடிவுறு உறுப்புகளில், அலைநீளத்துக்கான புள்ளிகளை மாற்றாமல் வைத்துக்கொண்டு அதிர்வெண்ணை உயர்த்தினால் பிழை வளர்ந்துகொண்டே போகும் என்பதை இலென்பர்க்கும் பபுஷ்காவும் 1995-இல் நிறுவினார்கள். மாசுபடுதல் விளைவு என்று இதைச் சொல்கிறார்கள். மேலும், கிடைக்கும் அணி நேர்மறையும் அல்லாத, எதிர்மறையும் அல்லாத வகையைச் சேர்ந்தது என்பதால், படிமுறைத் தீர்வுகள் உயர் அதிர்வெண்ணில் திணறுகின்றன.

ஒலிமூலத்தைச் சுற்றி எல்லையற்ற, சீரான ஊடகம் இருந்தால் எல்லை உறுப்பு முறை நல்ல தேர்வு. பரப்பை மட்டும் பிரித்தால் போதும், வெளியைப் பிரிக்க வேண்டாம். ஆனால் அணி முழுவதும் நிரம்பியிருக்கும். சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் விடை தனித்துவத்தை இழக்கும். பின்னதற்கு 1971-இல் பர்ட்டனும் மில்லரும் தந்த சமன்பாட்டு இணைப்பு இன்றும் வழக்கில் உள்ளது.

ஓர் இசையரங்கம் முழுவதையும், மனிதச் செவியின் வீச்சு முழுவதற்கும், அலைமுறையில் கணக்கிட முடியுமா?

10,000 கனமீட்டர் அரங்கு, 2 நொடிப் பதிவு, அலைநீளத்துக்குப் பத்துப் புள்ளிகள் என்று வைத்துக் கணக்கிடுவோம். 1000 ஹெர்ட்ஸ் வரை போனால் இடைவெளி 3.4 சென்டிமீட்டர், புள்ளிகள் ஏறத்தாழ 25 கோடி, காலப்படிகள் 34,600, மொத்தப் புதுப்பிப்புகள் 8.6 லட்சம் கோடி, நினைவகம் ஒற்றைத் துல்லியத்தில் 2 ஜிகாபைட். வரைகலைச் செயலி நொடிக்கு 500 கோடிப் புள்ளிகளைப் புதுப்பிக்கிறது என்று கொண்டால் அரை மணி நேரத்துக்குள் முடியும்.

அதிர்வெண்ணைப் பத்து மடங்காக்கி 10,000 ஹெர்ட்ஸுக்குப் போனால் நினைவகம் ஆயிரம் மடங்காகும், வேலை பத்தாயிரம் மடங்காகும். அரை மணி நேரம் ஏறத்தாழ 200 நாள்களாக நீளும். அதிர்வெண்ணின் நான்காம் அடுக்கில் செலவு உயர்வதே இத்துறையின் தீராத தடை. அதனால் தாழ் அதிர்வெண்களுக்கு அலைமுறையையும் உயர் அதிர்வெண்களுக்கு, ஒலியை நேர்கோட்டில் செல்லும் கதிர்களாகக் கொள்ளும் கதிர் முறையையும் இணைத்துக்கொள்வது வழக்கம். எங்கே பிரிப்பது என்பதற்கு ஷ்ரோடர் அதிர்வெண் ஒரு வழிகாட்டி: எதிர்முழக்க நேரத்தை அறையின் கனஅளவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2000-ஆல் பெருக்க வேண்டும். மேற்சொன்ன அரங்கில் எதிர்முழக்க நேரம் 2 நொடி என்றால் அது 28 ஹெர்ட்ஸ் மட்டுமே. 40 கனமீட்டரும் அரை நொடி எதிர்முழக்கமும் உள்ள சிறிய அறைக்கு 224 ஹெர்ட்ஸ். ஒத்ததிர்வுகள் தனித்தனியாகத் தெரிவது இந்த அதிர்வெண்ணுக்குக் கீழேதான். ஆகவே அலைமுறையால் மிகுந்த பயன் பெறுவது சிறிய ஒலிப்பதிவு அறைகளே. அங்கே செலவும் மிகக் குறைவு.

கணினியின் வலிமையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சுவர்ப்பொருள்களுக்கு அட்டவணைகளில் கிடைக்கும் உறிஞ்சுதல் எண்கள் எல்லாத் திசைகளுக்குமான சராசரி ஆற்றல் அளவுகள். அலைமுறைக்கோ ஒலியழுத்தத்துக்கும் துகள் வேகத்துக்கும் இடையே எது எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்னும் கட்ட உறவும் தேவை. அதைத் தராத அட்டவணையைக் கொண்டு மிக நுண்ணிய வலையை ஓட்டுவதில் பயனில்லை. பொருள்களின் ஒலிமறுப்பை, அதாவது அழுத்தத்துக்கும் துகள் வேகத்துக்கும் உள்ள இந்த உறவை, நேரடியாக அளந்து பெறும் பணிக்கு நாம் இன்னும் அதிகம் உழைக்க வேண்டும்.

கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லும் ஒலியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

1991 ஜனவரியில் வால்டர் முங்க் தலைமையில் தென் இந்தியப் பெருங்கடலின் ஹெர்ட் தீவருகே 57 ஹெர்ட்ஸ் ஒலி எழுப்பப்பட்டு, அமெரிக்காவின் இரு கரைகள் வரை கேட்கப்பட்டது. அலைநீளம் ஏறத்தாழ 26 மீட்டர். 18,000 கிலோமீட்டர் பயணம் என்றால் ஏழு லட்சம் அலைநீளங்களை நெருங்குகிறது. இதை வலைப்புள்ளிகளில் ஓட்டுவதைப் பற்றி நினைக்கவே முடியாது.

கடலில் ஒலி பெரும்பாலும் கிடைத்தளத்தை ஒட்டி ஒரே திசையில் முன்னேறுகிறது. இந்த இயல்பைப் பயன்படுத்தி, திரும்பி வரும் அலையைக் கைவிட்டு, தூரத்தை நோக்கிப் படிப்படியாக முன்னேறும் பரவளையச் சமன்பாட்டு முறையை 1970-களில் ஃபிரெட் டாப்பர்ட் கடல் ஒலியியலுக்குக் கொண்டுவந்தார். 1946-இல் லியோன்டோவிச்சும் ஃபோக்கும் வானொலி அலைகளுக்காகத் தந்த கருத்து இதன் மூலம். பின்னர் வந்த, பல்லுறுப்புக்கோவைகளின் விகிதமாக எழுதப்படும் பாடே தோராய வடிவங்கள் செங்குத்தான கோணங்களையும் ஏற்றுக்கொண்டன. செங்குத்துப் பாறையில் மோதித் திரும்பும் ஒலி வேண்டுமானால் இம்முறை உதவாது.

ஒலிமூலத்தை ஒரு புள்ளியில் அழுத்தத்தைத் திணித்து உண்டாக்கலாமா?

திணித்தால் அந்தப் புள்ளி, திரும்பி வரும் அலைக்குத் தடையாக நின்று எதிரொலிக்கும். இருக்கும் அழுத்தத்துடன் மூலத்தைக் கூட்டுவதே சரி. மூலத்தின் வடிவமும் மென்மையாக இருக்க வேண்டும். நில அதிர்வுக் கணக்குகளில் வழங்கும் ரிக்கர் அலை வடிவத்தில், ஆற்றல் மிகுந்திருக்கும் அதிர்வெண்ணைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு வரை ஆற்றல் இருக்கிறது. வலையை அந்த மேலெல்லைக்கு ஏற்பவே அமைக்க வேண்டும்.

என் நிரல் சரியாக இருக்கிறது என்று எப்படி அறிவது?

முதலில் விடை தெரிந்த கணக்குகளை ஓட்டுங்கள். முப்பரிமாணத்தில் புள்ளி மூலத்தின் வீச்சு தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைய வேண்டும். அடுத்து, இடைவெளியை ஒவ்வொரு முறையும் பாதியாக்கி மூன்று வலைகளில் ஓட்டி, அடுத்தடுத்த விடைகளின் வேறுபாடுகளை ஒப்பிடுங்கள். இரண்டாம் வரிசை முறையில் ஒரு வேறுபாடு அடுத்ததைப் போல நான்கு மடங்காக இருக்க வேண்டும். இரண்டு மடங்கே வந்தால் எல்லையிலோ மூலத்திலோ முதல் வரிசைப் பிழை ஒளிந்திருக்கிறது. மூன்றாவதாக, மூலத்தையும் ஒலிவாங்கியையும் இடம் மாற்றி ஓட்டுங்கள். அசைவற்ற ஊடகத்தில், அது எவ்வளவு சிக்கலாக இருந்தாலும், இரு பதிவுகளும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இந்த மூன்றாவது சோதனைக்கு எந்தச் சூத்திரமும் வேண்டாம். ஆனாலும் இதைச் செய்பவர்கள் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

ஆயத்த மென்பொருளில் தொடங்குவோருக்கும் இச்சோதனைகள் பொருந்தும். மீயொலிக்கு, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் டிரீபியும் காக்ஸும் 2010-இல் வெளியிட்ட கே-வேவ். நில அதிர்வுக்கு ஸ்பெக்ஃபெம். பைத்தான் வழி வேறுபாட்டுச் சூத்திரங்களை எழுதுவோருக்கு டெவிட்டோ ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன.

இருபரிமாணக் கணக்கில் துடிப்பு கடந்துபோன பிறகும் அழுத்தம் சுழிக்குத் திரும்பவில்லை. இது பிழையா?

பிழை அல்ல. முப்பரிமாணத்தில் கணநேரத் துடிப்பு ஒரு புள்ளியைக் கடந்ததும் அங்கே அமைதி திரும்பும். இருபரிமாணத்தில் ஒரு "புள்ளி" என்பது உண்மையில் தாளுக்குச் செங்குத்தாக முடிவின்றி நீளும் ஒரு கோடு. அந்தக் கோட்டின் தொலைவான பகுதிகளிலிருந்து புறப்பட்ட ஒலி தாமதமாக வந்துகொண்டே இருப்பதால் அலைக்குப் பின்னால் ஒரு வால் நீள்கிறது. வீச்சும் தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில்தான் குறையும். ஆகவே இருபரிமாண விடையை ஒலிவாங்கியின் பதிவோடு நேரடியாக ஒப்பிடக்கூடாது. நில அதிர்வுத் துறையில் செய்வதைப் போல, அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தைச் சார்ந்த வடிகட்டியாலும் பயணநேரத்தைச் சார்ந்த வீச்சுத் திருத்தத்தாலும் முதலில் ஒன்றை மற்றொன்றின் பரிமாணத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.